ஜப்பானிய மேப்பிளும் எமது அறியாமையும்

அழகிய பொருளொன்றைக் கண்டால் அதனைத் தன் வீட்டு வாயிலிலே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டுமென்று நினைப்பது மனித இயல்பு. அவ்வாறு நினைப்பதிற் குற்றமில்லை. ஆனால், கொண்டுவந்த பொருள் உயிருள்ள பொருளாயின், அதன் இயல்பு யாது, அது பிறந்த மண் எத்தகையது, அதற்கு வேண்டுவன எவை, வேண்டாதன எவை என்று ஆராய்ந்தறிவது கொண்டுவந்தவன் கடமையாகும். அக்கடமையினின்றும் நாம் தவறினோம். அதன் பயனாக ஒரு மரம் மாண்டது. அம்மரத்தின் வரலாற்றையே இங்குக் கூறப் புகுந்தோம். தோட்டத்துக் கிராணி ஒருவர் ஜப்பானிய மரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் வியக்கலாம். முற்றும் படித்தபின் அவ்வியப்பு நீங்குமென்று நம்புகிறோம்.

நெகிரி செம்பிலான் மாநிலத்திலே, ரப்பரும் செம்பனையும் கலந்த தோட்டமொன்றில் நாம் வேலை பார்க்கிறோம். எமது கல்வி ஆங்கில வாயிலாக நடந்தது. பால்மரம் வெட்டிய எமது அன்னையார், தாம் பெற்ற கூலியிற் பெரும்பகுதியை அக்கல்விக்கே செலவிட்டார். அதனால் ஆங்கில நூல் ஒன்றைச் சொன்னால் அது சரியாகவே இருக்குமென்ற எண்ணம் எம்முள் இளமையிலேயே வேரூன்றிவிட்டது. அத்தகைய நூலொன்றிலேதான் ஜப்பானிய மேப்பிளின் வண்ணப் படத்தை முதன்முதற் கண்டோம். பழைய கோயிலொன்றின் மதிலோரம் நின்ற அம்மரத்தில் ஓரிலைகூடப் பச்சையாக இல்லை. அனைத்தும் செக்கச் சிவந்திருந்தன. பூவென்றே முதலில் நினைத்தோம். இலையென்று அறிந்தபோது வியப்பு மிகுந்தது. ஆண்டு முழுவதும் பச்சையையே கண்டு பழகிய கண்களுக்கு அது வேறோர் உலகமாகத் தோன்றியது.

2019ஆம் ஆண்டு விடுமுறையொன்றிற் கேமரன் மலைக்குச் சென்றிருந்தோம். அங்கே செடி விற்குமிடமொன்றில், ஒரு முழ உயரத்தில், மெல்லிய தண்டும் பத்துப் பன்னிரண்டு இலைகளுமாக அம்மரத்தின் கன்று இருந்தது. விலை 80 வெள்ளி. ‘கீழே, வெயிற்காட்டில் வளருமா?’ என்று கேட்டோம். ‘எங்கும் வளரும், தண்ணீர் ஊற்றினாற் போதும்’ என்றார் விற்றவர். கேட்க விரும்பியதையே அவர் கூறியதால் மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் வாங்கினோம். பேருந்தில் வழிநெடுகத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

இம்மரத்தின் பெயரைப் பற்றிச் சில சொல்லவேண்டும். ஜப்பானியர் இதனைக் ‘கயெதே’ என்பர். தவளையின் கை என்னும் பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. விரல் விரித்த தவளைக் கையைப் போல இலை பிளவுபட்டிருப்பதே காரணம். சிவந்த நிலையில் ‘மொமிஜி’ என்று அழைப்பர். மிகப் பரவலான வகைக்கு ‘இரோஹா மொமிஜி’ என்று பெயர். நாம் அ, ஆ, இ, ஈ என்று வரிசை சொல்வதுபோல அவர்களுக்கு ‘இ, ரோ, ஹா’ என்றொரு பழைய எழுத்து வரிசை உண்டு; இலையின் ஏழு பிளவுகளையும் அவ்வரிசையால் எண்ணியதால் அப்பெயர். மேனாட்டுத் தாவர நூலிலும் கையே பெயராயிற்று. சுவீடன் நாட்டு மருத்துவரும் தாவர அறிஞருமான துன்பர்க் என்பார் 1775, 1776ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் தங்கி அந்நாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்தார். ஜப்பானியத் தாவரங்களைப் பற்றி 1784இல் நூலும் வெளியிட்டார். அவர் இம்மரத்துக்கு இலத்தீன் மொழியில் இட்ட பெயர் ‘ஏசர் பால்மாட்டம்’ என்பது. உள்ளங்கை போன்ற இலையுடையது என்பது அதன் கருத்து.

மேனாட்டார் பெயரிடுமுன்னரே ஜப்பானியர் இதனைப் பேணி வளர்ப்பதிற் பெருந்திறம் பெற்றிருந்தனர். எதோ எனப்பட்ட இன்றைய தோக்கியோவின் அருகே, சோமெய் என்னும் சிற்றூரில் இத்தோ இஹெய் என்ற பெயர்கொண்ட தோட்டக்காரர் குடும்பம் இருந்தது. 1710இல் அக்குடும்பத்தார் வெளியிட்ட நூலிலே முப்பதுக்கு மேற்பட்ட மேப்பிள் வகைகள் பெயரோடும் படத்தோடும் குறிக்கப்பட்டன. இன்று பெயர்பெற்ற வகைகள் ஆயிரத்துக்கும் மேல். நூலிழை போல இலை பிரிந்தவை உண்டு. குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டியபின் பவளம் போற் சிவந்த கிளைகளோடு நிற்பவை உண்டு. இளவேனிலில் தளிரே செந்நிறமாக விடுபவையும் உண்டு. விதையிட்டால் இவ்வகைகள் தாயைப் போலவே பிறப்பதில்லை. ஆதலின், விதையில் முளைத்த கன்றைத் துணையாகக் கொண்டு, வேண்டிய வகையின் சிறு கிளையை அதிலே ஒட்டு வைக்கின்றனர். மரம் இலையின்றி நிற்கும் குளிர்காலமே அவ்வொட்டுக்குரிய பருவம்.

கன்று வீடு வந்ததும் ஆங்கில நூல்களைத் தேடித் தேடிப் படித்தோம். அவை கூறிய விதிகள் நல்லவையே. ஜப்பானிய மேப்பிளின் வேர் ஆழச் செல்வதன்று; மேல்மண்ணிலேயே மெல்லிய நார்போலப் பரவுவது. ஆகவே மண் ஈரமாக இருக்கவேண்டும். ஆனால் நீர் தேங்கலாகாது. சற்றே புளிப்புத்தன்மை இருப்பது நலம். வேரின்மேல் சருகோ மரப்பட்டைத் துண்டுகளோ பரப்பி, மண் சூடேறாமற் காக்கவேண்டும். காலை வெயில் படலாம். உச்சி வெயிலும் வறண்ட காற்றும் ஆகா. அவை பட்டால் இலையோரம் கருகும். தழைச்சத்து மிகுந்த உரமிட்டால் கிளை நீண்டு மெலியும், நிறமும் கெடும். வடிகாலில்லா மண்ணில் வேர் அழுகும். மண்ணிலுள்ள பூசணமொன்று தண்டினுள் நீரேறும் குழாய்களை அடைத்துக் கிளை கிளையாக வாடச் செய்வதும் உண்டு; அதற்கு மருந்தில்லை. இளவேனில் தொடக்கத்திற் கிளை வெட்டினால் வெட்டுவாயிலிருந்து நீர் ஒழுகும். ஆகவே அக்காலத்தில் வெட்டலாகாது.

இவையனைத்தையும் வரி பிசகாமற் செய்தோம். தொட்டியை வீட்டின் கிழக்குப் புறத்தில் வைத்து, ஓலைத் தட்டியால் நிழல் அமைத்தோம். ஆற்று மணலும் தென்னை நார்த்தூளும் கலந்து மண் கூட்டினோம். காலையும் மாலையும் நீர் வார்த்தோம். முதல் ஆறு திங்கள் கன்று தழைத்தது. தளிர்மேல் தளிராக விட்டது. வழியிற் போவோரெல்லாம் நின்று பார்த்தனர். ‘கிராணியார் வீட்டில் ஜப்பான் மரம்’ என்று குழந்தைகள் பேசிக்கொண்டன. எமக்கும் கர்வம் உண்டாகாமலில்லை.

பின்னர் இலையோரங்கள் காய்ந்தன. புதுத் தளிர்கள் முன்னவற்றினும் சிறியனவாக வந்தன. நுனிக் கிளைகள் இரண்டு கருத்து உலர்ந்தன. நீரைக் கூட்டினோம், பின் குறைத்தோம். உரமிட்டோம், பின் நிறுத்தினோம். அண்டை வீட்டு அம்மையார் வந்து பார்த்து, ‘தம்பி, எல்லார் கண்ணும் பட்டுவிட்டது; எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுங்கள்’ என்றார். நாம் சிரித்தோம். மரத்துக்குக் கண்ணேறு உண்டென்று நம்புவது எத்துணைப் பேதைமை என்று அவருக்கு ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்திவிட்டோம். ஆனால், அன்றிரவே நாம் செய்த காரியத்தைக் கேளுங்கள். குளிர்ந்த நாட்டு மரங்களுக்குப் பனிக்கட்டி வைப்பாரும் உண்டென்று எங்கோ படித்திருந்தோம். உடனே குளிர்பெட்டியிலிருந்து பனிக்கட்டிகளை எடுத்துத் தொட்டி மண்மேல் அடுக்கினோம். ஒரு நாழிகைக்குள் அவை உருகி ஓடின. மண் மீண்டும் வெதுவெதுப்பாயிற்று. மறுநாளும் அவ்வாறே செய்தோம். இரு வாரங்கள் செய்தோம். அம்மையாரின் எலுமிச்சம்பழத்துக்கும் எமது பனிக்கட்டிக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் காரணம் அறியாமற் செய்யும் காரியங்களே. அவர் பிறர் சொல்லக் கேட்டுச் சொன்னார். நாம் ஆங்கிலத்திற் படித்துச் செய்தோம். அவ்வளவே.

இந்நிலையில் ஒருநாள் மாலை எமது அன்னையார் தொட்டியருகே அமர்ந்து நெடுநேரம் அம்மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘தம்பி, இந்த மரம் தூங்கவே இல்லையே’ என்றார். எமக்கு விளங்கவில்லை. ‘நீ கொண்டுவந்த நாளிலிருந்து பார்க்கிறேன். விட்ட தளிர் முற்றுவதற்குள் அடுத்த தளிர். ஒருநாள் ஓய்ந்து நின்றதில்லை. பால்மரத்துக்குக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கத்தி. மாசி பிறந்தால் அது இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும். இதற்கு நீ சோறுதான் போடுகிறாய். பாய் போடவில்லையே’ என்றார்.

நாம் படித்த நூல்களை மீண்டும் புரட்டினோம். அன்னையார் கூறியது அவற்றிலும் இருந்தது. நிலம், நீர், நிழல் என்னும் இயல்களையெல்லாம் கருத்தூன்றிப் படித்த நாம், குளிர்காலத்தைப் பற்றிய இயலை மட்டும் ‘நம் நாட்டுக்கு இது வேண்டாதது’ என்று தள்ளிவிட்டிருந்தோம்! மரத்தின் உயிர் அவ்வியலிலேதான் இருந்தது. 2021ஆம் ஆண்டு நடுவில் அது முற்றும் பட்டுப்போயிற்று. தண்டைச் சிறிது கீறிப் பார்த்தோம். பட்டையின் கீழே பச்சை இல்லை.

குளிர்காலத்தில் அம்மரம் என்ன செய்கிறது என்பதைச் சுருங்கக் கூறுவாம். கோடை கழிந்து பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் மரம் அதனை உணர்கிறது. இலைகளிலுள்ள சத்துக்களை உடைத்து, கிளைக்கும் வேருக்கும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. இலையின் பச்சையம் சிதைகிறது. பகல் தெளிந்த வெயிலாகவும் இரவு குளிராகவும் இருந்தால், இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு செந்நிறப் பொருள் புதிதாக உண்டாகிறது. நாம் படத்திற் கண்டு மயங்கிய சிவப்பு அதுவே. பிறகு காம்பினடியில் ஒரு தடுப்பு உருவாகி இலை உதிர்கிறது. அடுத்த ஆண்டுக்குரிய மொட்டுக்களோ முன்னரே அமைந்து, செதில் மூடிக் கிளையிலே காத்திருக்கும். அவை எளிதில் விழிப்பதில்லை. உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட குளிரிற் பல வாரங்கள் கழிந்த பின்னரே, வெப்பம் வந்தால் ஒழுங்காக மலரும். நடுக்குளிர்காலத்தில் இரண்டு நாள் வெயிலடித்தால் ஏமாந்து தளிர்விட்டுப் பனியிலே கருகிப் போகாமல் இருப்பதற்கு இயற்கை அமைத்த காவல் இது. விதைக்கும் இவ்விதியே, ஈரமும் குளிரும் மூன்று நான்கு திங்கள் பெற்ற பின்னரே அது முளைக்கும்.

எமது தோட்டத்திலோ இரவிலும் வெப்பம் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பகற்பொழுது ஆண்டு முழுவதும் சில நிமிடங்களே வேறுபடும். உறங்கும் வேளை இதுவென்று அம்மரத்துக்கு யாரும் சொல்லவில்லை. வேரில் சேர்த்துவைத்த பொருளையெல்லாம் செலவிட்டுத் தளிர்த்துத் தளிர்த்தே அது மாண்டது. செழிக்கிறதென்று நாம் கர்வங்கொண்ட அந்த ஆறு திங்களும் உண்மையில் அது முதலைத் தின்றுகொண்டிருந்த காலமே.

இதன்பின், அம்மரத்தை அதன் சொந்த நாட்டிலே காணவேண்டும் என்னும் எண்ணம் எம்மை விடவில்லை. சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 2023 நவம்பரில் அன்னையாரையும் அழைத்துக்கொண்டு ஜப்பானுக்குப் புறப்பட்டோம். வாழ்நாளெல்லாம் ரப்பர்க் காட்டைத் தவிர வேறு காடு காணாதவர் அவர். கடன்வாங்கிய கம்பளிச் சட்டையோடு விமானமேறினார்.

முதலில் தோக்கியோவுக்கு வடக்கேயுள்ள ஒமியா என்னுமிடத்துக்குச் சென்றோம். 1923ஆம் ஆண்டின் பெரு நிலநடுக்கத்திற்குப் பிறகு, தோக்கியோவிலிருந்த பொன்சாய்த் தோட்டக்காரர் சிலர் நல்ல மண்ணும் நீரும் தேடிக் குடிபெயர்ந்து 1925இல் அமைத்த ஊர் அது. சிறு தொட்டியிலே பெருமரத்தின் தோற்றத்தை வளர்க்கும் அக்கலைக்குரிய பொதுக் காட்சிச்சாலையும் 2010இல் அங்குத் திறக்கப்பட்டது. தோட்டமொன்றில் முழங்கை உயரமே உள்ள மேப்பிள் மரங்களைக் கண்டோம். தண்டு முதிர்ந்து வெளிறியிருந்தது. வேர்கள் நாற்புறமும் பரந்து மண்ணைப் பற்றியிருந்தன. எரிமலைச் சாம்பலிற் பிறந்த செந்நிறக் களிமண் மணிகளிலே அவற்றை வளர்க்கிறார்கள். நீர் நிற்காது, ஈரம் போகாது. சில ஆண்டுகளுக்கொருமுறை, மொட்டு விரியுமுன் தொட்டியிலிருந்து எடுத்து, வேரைக் கத்தரித்துப் புதுமண்ணில் வைக்கிறார்கள். பட்டை மென்மையானதால் கிளையை வளைக்கக் கட்டும் கம்பி பதிந்து தழும்பாகாதபடி அடிக்கடி பார்த்து அவிழ்க்கிறார்கள்.

அங்கிருந்த முதியவர் ஒருவர் ஆங்கிலம் அறிந்தவர். குளிர்காலத்தில் இவற்றை வீட்டினுள் வைப்பீர்களா என்று கேட்டோம். அவர் தலையசைத்து மறுத்தார். வேர் முற்றும் உறைந்து போகாதபடியும் கடுங்காற்றுப் படாதபடியும் கொட்டகையில் ஒதுக்கி வைப்பாராம். குளிர் மட்டும் படவேண்டுமாம். கதகதப்பான அறையில் வைத்துக் காப்பாற்றினால் அது காப்பாற்றுவது ஆகாது என்றார். இதனை அன்னையாருக்குத் தமிழிற் சொன்னோம். ‘நான் சொன்னதைத்தானே அவரும் சொல்கிறார்’ என்றார் அன்னையார்.

பிறகு கியோட்டோ சென்றோம். 13ஆம் நூற்றாண்டில் நிறுவப்பெற்ற தோஃபுகுஜி என்னும் பௌத்த மடத்திலே, ஓடையொன்றின் பள்ளத்தாக்கு முழுவதும் மேப்பிள் மரங்கள். அவற்றின் மேலே மரப்பாலம். சிவந்த இலை காண மக்கள் திரள் திரளாக வருவதற்கு ‘மொமிஜிகாரி’ என்று பெயரிட்டு, அதனை ஒரு விழாவைப் போலவே அந்நாட்டார் பல நூற்றாண்டுகளாகக் கொண்டாடுகின்றனர். இச்செந்நிறம் வடக்கே ஹொக்காய்தோ மலைகளிற் செப்டம்பரில் தொடங்கித் தெற்கு நோக்கி இறங்கி வருமாம். ஒசாக்காவை அடுத்த மினோ என்னுமிடத்தில், ஓராண்டு உப்பிலிட்ட மேப்பிள் இலையை இனிப்பு மாவில் தோய்த்துப் பொரித்துக்கூட விற்கிறார்கள். அன்னையார் அதனைச் சுவைத்து, ‘இலைக்கு ருசி ஒன்றுமில்லை, மாவுதான் ருசி’ என்று தீர்ப்பளித்தார்.

கியோட்டோவின் பாலத்தருகே அவர் கீழே விழுந்த இலையொன்றை எடுத்துத் தம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நாற்பதாண்டுக் காலம் உளிபிடித்த கை அது. விரல்கள் முழுவதும் நீளா. ‘எல்லாம் வேலையை முடித்துவிட்டுப் படுக்கப் போகின்றன, அதுதான் இத்தனை அழகு’ என்றார். அப்போது எமக்குத் தோன்றியதை மறைக்காமற் கூறுகிறோம்.

பால்மரத்துக்கு ஒருநாள் வெட்டு, மறுநாள் ஓய்வு என்பது தோட்டத்தார் அனைவரும் அறிந்தது. அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். ஆகவே வெட்டுபவரிடம் இரண்டு பகுதி மரங்களை ஒப்படைத்து, இன்று இது, நாளை அது என்று மாற்றுவர். மரத்துக்கு ஓய்வு கிடைத்தது; வெட்டியவருக்குக் கிடைக்கவில்லை. இரட்டைச் சம்பளம் கிடைக்குமென்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் அன்னையார் மரத்தடிக்குப் போனார். மங்கு கழுவி, ஒட்டுப்பால் சேர்த்து, வாளி சுமந்து திரும்பி வந்து எமக்குச் சோறு சமைத்தார். செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே ஒரு நாளும் விடுபடாத மாதங்கள் பல. அதனைப் பிள்ளைப் பருவத்திற் பெருமையாகப் பேசித் திரிந்தோம். அவர் ஏன் ஓய்வதில்லையென்று ஒருநாளும் கேட்டோமில்லை. எமது பள்ளிச் செலவே அதன் காரணம் என்பதை அறியாத வயதுமன்று அது.

தொலைதூர மரமெல்லாம் நம் நாட்டில் வாழாதென்று யாம் கூறவில்லை. ரப்பரும் வந்தேறிய மரமே. பிரேசில் நாட்டிலிருந்து 1876இல் விதையாக இலண்டனுக்குச் சென்று, அங்கே முளைத்து, 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தது. அது இங்கே தழைத்ததற்குக் காரணம், அது பிறந்த அமேசான் காடும் நமது நாட்டைப் போன்ற வெப்பமும் மழையும் உடையதாயிருந்ததே. அதன் ஓய்வையும் அது தன்னோடு கொண்டுவந்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் நம் ரப்பர்க் காடுகளைப் பாருங்கள். இலைகள் மஞ்சளாகிச் சிவந்து உதிர்வதைக் காண விமானமேறிச் செல்ல வேண்டுவதில்லை. அக்காலத்திற் பால் குறையும், கூலியும் குறையும், ஆகவே அதன் அழகை நாம் கண்டதில்லை. மேப்பிளைத் தேடி அலைந்த எமது கண்களுக்கு அது இப்போதுதான் தென்படுகிறது.

ஆகவே அன்பர்களே, ஜப்பானிய மேப்பிளை வளர்க்க விரும்புவோர் குளிர்காலமுள்ள நாட்டில் வாழ்வாராயின் மகிழ்ச்சியோடு வளர்க்கட்டும். நம் நாட்டுத் தாழ்நிலத்தில் ‘எங்கும் வளரும்’ என்று யாரேனும் விற்க வந்தால், ‘இது எப்போது உறங்கும்?’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அக்கேள்வியை மரத்தைப் பற்றி மட்டுமன்றி, நம் வீட்டிலுள்ளாரைப் பற்றியும், நம்மோடு உழைப்பாரைப் பற்றியும் கேட்பது நலம். விடுப்புக் கேட்டு வருவோரை, ‘ஏன், எதற்கு?’ என்று அதட்டும் வழக்கம் எம்மிடமும் இருந்தது. இப்போது அதனை விட்டொழித்தோம்.

மேப்பிள் நின்ற தொட்டியில் அன்னையார் கறிவேப்பிலை நட்டிருக்கிறார், நன்றாக வளர்கிறது. வேலையை விட்டு அவருக்கு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆயினும் இன்றும் விடியற்காலை நான்கு மணிக்கே விழித்து, விளக்கேற்றி, எங்கும் போகவேண்டிய தேவையின்றி உட்கார்ந்திருக்கிறார். ‘இன்னும் சற்றுப் படுங்கள், அம்மா’ என்று நாள்தோறும் சொல்கிறோம். பழக வேண்டும் என்கிறார்.